கரிசல் காட்டில் ஆஸ்திரேலியக் குருவி: குஞ்சிலேயே ஆணா, பெண்ணா, என்ன நிறம் என்று அறியலாம்

சங்கரன்கோவில் என்றதும் கோமதி அம்மனும் ஆடித்தபசுத் திருவிழாவும்தான் நினைவுக்கு வரும். சிவனும் திருமாலும் ஓருருவாக நிற்கும் சங்கரநாராயணர் சன்னதியும், நெற்றியில் பூசிக்கொள்ளும் புற்றுமண்ணும் அதற்கு அடுத்து. வியாபாரம் என்று பார்த்தால் பூச்சந்தையும் விசைத்தறிச் சேலையும். ஊரைத் தாண்டி குருவிகுளம் பக்கம் போனால் கரிசல் காடு. மழை பெய்தால் மக்காச்சோளம், உளுந்து, பாசிப்பயறு; பெய்யாவிட்டால் வெடித்த நிலம்.

மக்காச்சோளத்தில் படைப்புழுத் தாக்குதலைப் பார்க்க அந்தப் பக்கம் போகும்போதெல்லாம், திண்ணைகளில் கம்பிக்கூண்டுகள் கூடிக்கொண்டே வருவதைக் கவனித்து வருகிறேன். உள்ளே சின்ன மண்பானைகள், பச்சையும் நீலமும் மஞ்சளுமாகக் குருவிகள். தறி ஓட்டும் வீட்டிலும், ஆடு வளர்க்கும் வீட்டிலும் பெண்கள் இதைப் பக்கத் தொழிலாகச் செய்கிறார்கள். நம் கேள்வி-பதில் பகுதிக்கும் இதைப் பற்றிக் கடிதங்கள் வருவதால், அங்கே பார்த்ததை விவரமாகவே எழுதுகிறேன்.

எல்லோரும் 'லவ் பேர்ட்ஸ்' என்று சொன்னாலும் இதன் பெயர் பட்ஜெரிகர், சுருக்கமாக பட்ஜி. உண்மையான லவ் பேர்ட்ஸ் ஆப்பிரிக்காவைச் சேர்ந்தது, வால் குட்டையாக இருக்கும். பட்ஜியின் தாய்நாடு ஆஸ்திரேலியாவின் வறண்ட உட்பகுதி. அங்கே மழை பெய்து புல் விதை பிடித்ததும் கூட்டம் கூட்டமாக முட்டையிடும். நம் கரிசலைப் போல வானம் பார்த்த சீமைதான் அதுவும். அதனால் நிழலும் தண்ணீரும் இருந்தால் நம்மூர் வெயிலைத் தாங்கிக்கொள்கிறது. தினையும் சாமையும் அதற்கு ஏற்ற தீவனம்.

ஒரு வீட்டில், மகளிர் குழுக் கடனில் நான்கு ஜோடி வாங்கிய அம்மா ஒருவர் என்னைக் கூண்டருகே அழைத்துப் போனார். "ஐயா, இந்த ஜோடி ஒன்பது முட்டை வச்சிட்டு. ஒண்ணுகூடப் பொரிக்கல. தீவனத்துல எதும் கொறையா?" என்று கேட்டார். குறை தீவனத்தில் இல்லை. கூண்டில் இருந்த இரண்டுமே பெண். இரண்டும் முட்டையிட்டிருக்கின்றன, சேவல் இல்லாத முட்டை எப்படிப் பொரிக்கும்?

விற்றவர் வேண்டுமென்று ஏமாற்றினார் என்றும் சொல்ல முடியாது. 'மூக்கு நீலம் என்றால் ஆண், பழுப்பு என்றால் பெண்' என்று ஒரு கணக்கு எல்லா இடத்திலும் உண்டு. வளர்ந்த பறவைக்கு அது பெரும்பாலும் சரி. குஞ்சுக்கு அதே கணக்கைப் போட்டால் தலைகீழாகப் போய்விடும்.

மூக்கைப் பார்ப்பது எப்படி?

அலகுக்கு மேலே மெழுகு பூசியதுபோல் ஒரு சதை இருக்கும். அதில்தான் மூக்குத் துளைகள் உண்டு. நான்கைந்து வார ஆண் குஞ்சுக்கு அந்தச் சதை முழுவதும் ஒரே சீராக இளஞ்சிவப்பு அல்லது கத்தரிப்பூ நிறத்தில் இருக்கும். பெண் குஞ்சுக்கு வெளிறிய நீலமாகவோ வெண்மையாகவோ இருந்து, துளைகளைச் சுற்றிச் சுண்ணாம்பு வைத்ததுபோல் வெள்ளை வளையம் தெரியும். அந்த வெளிர் நீலத்தைப் பார்த்துத்தான் பெண்ணை ஆண் என்று விற்றுவிடுகிறார்கள். வளையம் இருந்தால் பெண் என்று மனதில் வைத்துக்கொள்ளுங்கள். டியூப் லைட் வெளிச்சத்தில் பார்க்காமல், காலை வெளிச்சத்தில் பாருங்கள்.

லூட்டினோ, அல்பினோ, சில வகை பைடு ஆகியவற்றில் ஆணின் மூக்கு வளர்ந்த பிறகும் நீலமாகாது, இளஞ்சிவப்பாகவே நிற்கும். அதைக் கண்டு பெண் என்று எண்ணிவிடக் கூடாது. அதேபோல், நீல மூக்குள்ள வளர்ந்த ஆணுக்குத் திடீரென்று பழுப்பு ஏறினால், அது உள்ளே கட்டி இருப்பதன் அறிகுறியாக இருக்கலாம். கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள்.

குஞ்சா, வளர்ந்ததா என்பதற்கு நெற்றியைப் பாருங்கள். குஞ்சுக்குக் கறுப்புக் கோடுகள் மூக்கு வரை இறங்கியிருக்கும். மூன்று நான்கு மாதத்தில் முதல் இறகு உதிர்ந்ததும் நெற்றி தெளிந்துவிடும். குஞ்சின் கண் முழுக்கக் கறுப்பு. வளர வளர வெள்ளை வளையம் தோன்றும்.

நிறம் எங்கிருந்து வருகிறது?

1840இல் ஜான் கூல்ட் என்ற பறவையியலாளர் உயிருடன் இங்கிலாந்துக்குக் கொண்டுபோன பட்ஜிகள், காட்டுப் பறவைக்கே உரிய பச்சை நிறத்தவை. மற்ற நிறங்கள் பலவும் கூண்டு வளர்ப்பில் பெருக்கி எடுக்கப்பட்டவை. இறகின் அமைப்பு தரும் நீலமும், மஞ்சள் நிறமியும் சேர்ந்தால் பச்சை. மஞ்சள் இல்லாவிட்டால் நீலம். கறுப்பு நிறமி இல்லாவிட்டால் மஞ்சள், அதுதான் லூட்டினோ. இரண்டும் இல்லாவிட்டால் வெள்ளை, அல்பினோ. மஞ்சளை உண்டாக்கும் மரபணுவில் ஒரே ஒரு சிறு மாற்றம்தான் நீலப் பறவையைத் தருகிறது என்று அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017இல் காட்டினார்கள்.

பச்சை ஓங்கிய குணம், நீலம் அடங்கிய குணம். பச்சை ஜோடிக்கு நீலக் குஞ்சு பிறக்கலாம். நீல ஜோடிக்குப் பச்சைக் குஞ்சு பிறக்காது. பிறந்திருந்தால், கூட்டுக் கூண்டில் வேறு சேவல் சேர்ந்திருக்கிறது என்று பொருள். நிறத்துக்காக வளர்ப்பவர்கள் ஜோடிக்கு ஒரு கூண்டு வைப்பதே நல்லது.

குஞ்சின் கண் மூடியிருக்கும்போதே தோலுக்கடியில் பார்க்கலாம். கறுப்பாகத் தெரிந்தால் சாதாரண நிறங்கள். சிவப்பாகத் தெரிந்தால் லூட்டினோ அல்லது அல்பினோ. நாவற்பழ நிறத்தில் தெரிந்து சில நாளில் கறுத்தால், சிறகில் பழுப்புக் கோடு வரும் சின்னமன். முளை இறகு வந்த பின் முகத்தைப் பாருங்கள்: மஞ்சள் முகம் பச்சை வகை, வெள்ளை முகம் நீல வகை.

பொரித்த நாளிலேயே ஆண், பெண் தெரிய

லூட்டினோ, சின்னமன், ஒபாலின் ஆகிய மூன்றும் பாலினத்தோடு ஒட்டி வரும் குணங்கள். பறவைகளில் ஆணுக்கு இந்தக் குணத்தின் பங்கு இரண்டு, பெண்ணுக்கு ஒன்றுதான். அந்த ஒன்றும் அப்பனிடமிருந்து வருவது. ஆகவே லூட்டினோ ஆணையும் சாதாரணப் பச்சைப் பெண்ணையும் சேர்த்தால், சிவப்புக் கண் குஞ்சுகள் அத்தனையும் பெண். கறுப்புக் கண் அத்தனையும் ஆண். மூக்கைப் பார்க்கக் காத்திருக்க வேண்டியதே இல்லை. பழுப்பு முட்டைக் கோழிப் பண்ணைகளில் ஒரு நாள் குஞ்சை நிறத்தால் பிரிப்பதும் இதே வழியில்தான். மாற்றிச் சேர்த்தால், அதாவது பச்சை ஆணும் லூட்டினோ பெண்ணும் என்றால், இந்தக் கணக்கு உதவாது.

விற்பதற்கு முன்

முட்டைகள் ஒரு நாள் விட்டு ஒரு நாள் வரும். அடைகாப்பு சுமார் 18 நாள். ஆகவே ஒரே பானையில் மூத்த குஞ்சுக்கும் கடைசிக் குஞ்சுக்கும் பத்து நாள்கூட வித்தியாசம் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே வயதாக எண்ணிப் பிரிக்காதீர்கள். தானாகத் தினை உடைத்துத் தின்னப் பழகிய பிறகே குஞ்சை விற்க வேண்டும். ஒரே பானைக் குஞ்சுகளை ஜோடி என்று கொடுக்காதீர்கள், அவை உடன்பிறப்புகள். வாங்குபவரிடம், ஒரு வயது நெருங்கும் வரை பானை கட்ட வேண்டாம் என்றும் சொல்லுங்கள்.

கூண்டின் எச்சத்தை உலர்ந்த நிலையில் பெருக்காமல், தண்ணீர் தெளித்துத் துடையுங்கள். அந்தத் தூசியால் மனிதருக்கும் காய்ச்சல், இருமல் வரக்கூடும். வந்தால் மருத்துவரிடம் பறவை வளர்ப்பதையும் சொல்லுங்கள். தோட்டத்துப் பனைப் பொந்தில் கிடைக்கும் பச்சைக்கிளிக் குஞ்சை இதோடு சேர்த்து விற்க நினைக்காதீர்கள். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம்.

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். கூண்டு எண், தாய் தந்தை நிறம், பொரித்த தேதி, கண் நிறம், நான்காம் வார மூக்கு நிறம் என ஐந்து கட்டம் போட்டு எழுதி வையுங்கள். சந்தேகமான குஞ்சை 'சந்தேகம்' என்றே சொல்லி விற்றால் விலை கொஞ்சம் குறையும், வாங்கியவர் மறுபடி உங்களிடமே வருவார். நீங்கள் சேர்த்த ஜோடியின் நிறத்தையும் வந்த குஞ்சுகளின் நிறத்தையும் எழுதி அனுப்பினால், அடுத்தடுத்த இதழ்களின் கேள்வி-பதில் பகுதியில் விளக்குகிறேன்.