அம்மா மறைத்த காட்சி

சனிக்கிழமை இரவு வீட்டோடு உட்கார்ந்து பார்க்க ஒரு நல்ல படம் சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால், நான் யோசிக்கவே மாட்டேன். 'பாதாள பைரவி' என்பேன். கேட்டவர்கள் முகம் கொஞ்சம் சுருங்கும். "1951-ல் வந்த படம் அல்லவா, மாமி? கறுப்பு வெள்ளை ஆயிற்றே! குழந்தைகள் உட்காருவார்களா?" என்பார்கள். உட்காருவார்கள், அம்மா, உட்காருவார்கள். படம் மூன்று மணி நேரத்துக்கு மேல் ஓடும் என்பதும் வாஸ்தவந்தான். அதற்கென்ன? ஒரு மாமியாரும் மருமகளும் சண்டை போடுவதை நாம் தொலைக்காட்சியில் மூன்று வருஷம் பார்க்கவில்லையா?

கதையைப் பாதி மட்டும் சொல்லுகிறேன். உஜ்ஜயினியில் ராமு என்று ஒரு தோட்டக்கார வாலிபன். அவன் போய் ராஜகுமாரி இந்துமதியிடம் மனசைப் பறிகொடுத்துவிடுகிறான். ராஜா என்ன செய்கிறார்? "என் செல்வத்துக்கு ஈடாகச் செல்வம் கொண்டுவா, பெண்ணைத் தருகிறேன்" என்கிறார். (பெண்ணைப் பெற்றவர்கள் அந்தக் காலத்திலும் அப்படித்தான்!) அதே சமயத்தில் நேபாளத்து மாந்திரீகன் ஒருவன், பாதாள பைரவிக்குப் பலி கொடுக்க லட்சணம் பொருந்திய வீரன் ஒருவனைத் தேடிக்கொண்டு வருகிறான். பலி கொடுத்தால் கேட்டதையெல்லாம் தரும் ஒரு சிறிய பதுமை கிடைக்கும். அந்த வீரன் யார் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் பைரவியின் முன்னால் போய் நிற்பதற்குள் ராமுவுக்குச் சூது தெரிந்துவிடுகிறது. முந்திக்கொண்டு மாந்திரீகனையே பலி கொடுத்துவிடுகிறான். பதுமை அவன் கைக்கு வருகிறது.

அத்தோடு கதை முடிந்தது என்று எண்ணிவிடாதீர்கள். செத்துக் கிடக்கும் மாந்திரீகனுக்கு ஒரு சீடன் இருக்கிறான். சஞ்சீவி மூலிகை கொண்டு அவன் குருவை எழுப்பிவிடுகிறான்! அப்புறந்தான் வேடிக்கையே. முடிவை நான் சொல்லப் போவதில்லை. மாந்திரீகனின் தாடியின் மேல் மட்டும் ஒரு கண் வைத்திருங்கள்.

அலாவுதீன் கதையின் வாசனை இதில் அடிக்கிறதல்லவா? தெலுங்கு நாட்டுக் 'காசி மஜிலி கதை'களின் வாசனையும் உண்டு. விஜயா நிறுவனத்து நாகிரெட்டியும் சக்கரபாணியும் தெலுங்கு, தமிழ் இரண்டிலும் எடுத்த படம் இது. டைரக்டர் கே. வி. ரெட்டி, எழுத்து பிங்கலி நாகேந்திரராவ், காமிரா மார்க்கஸ் பார்ட்லி, சங்கீதம் கண்டசாலா. இவர்களில் பலர் மறுபடி சேர்ந்துதான் 1957-ல் 'மாயா பஜார்' எடுத்தார்கள். ராமுவாக என். டி. ராமராவ். நாகேஸ்வரராவோடு டென்னிஸ் ஆடும்போது கோபத்தில் இவர் மட்டையை வீசியதைப் பார்த்துத்தான் ரெட்டி இவரைப் பிடித்துப் போட்டார் என்று ஒரு கதை சொல்லுவார்கள். சாவித்திரிகூட ஒரு நடனத்துக்கு மட்டும் வந்துவிட்டுப் போகிறார். கண்ணை இமைத்தால் தவறவிட்டு விடுவீர்கள்.

இருந்தாலும் படம் எஸ். வி. ரங்காராவுடையது. மாந்திரீகனாக வரும்போது அவருக்கு 33 வயதுகூட நிரம்பவில்லை. அடேயப்பா, அந்தப் புருவம்! அந்தச் சிரிப்பு! ஆளை விழுங்கிவிடுவான் போலவும் இருக்கும், அவனோடு இன்னும் கொஞ்ச நேரம் இருக்கலாம் போலவும் இருக்கும். ராமராவை நினைத்து யாரும் ராத்திரி பயந்ததில்லை. ரங்காராவை நினைத்து நான் ஒரு மாதம் பயந்திருக்கிறேன்.

எனக்கு ஏழு வயது. 1959-ஆம் வருஷம் கோடையில், தஞ்சாவூர்ப் பக்கத்தில் எங்கள் சிற்றூருக்கு டூரிங் டாக்கீஸ் வந்திருந்தது. அப்பா காலமாகி ஒன்றரை வருஷம் ஆகியிருந்தது. அம்மா வீட்டோடு அப்பளம் இட்டு எங்களைக் காப்பாற்றிக்கொண்டிருந்தாள். அந்த நிலைமையில் உள்ள ஒரு பெண் சினிமாவுக்குப் போனால் தெருவில் என்னென்ன பேசுவார்கள் என்று உங்களில் வயதானவர்களுக்குத் தெரியும். ஆனாலும் நான் மூன்று நாள் அழுது ஆகாத்தியம் செய்ததில் அம்மா இளகிவிட்டாள். அப்படித்தான் நெடுங்காலம் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

கொட்டகையில் பெண்கள் பக்கத்தில், கடைசியில், தரை டிக்கெட். மணலைக் குவித்து அதன்மேல் என்னை உட்கார வைத்துவிட்டு, அம்மா தலைப்பை இழுத்து முகத்தைப் பாதி மூடிக்கொண்டாள். பைரவி சிலைக்கு முன்னால் மாந்திரீகனும் ராமுவும் வந்தார்கள். எனக்கு மூச்சே நின்றுவிட்டது. அந்தச் சமயம் பார்த்து, பிரண்டை வாசனை அடிக்கும் ஒரு கை வந்து என் இரண்டு கண்களையும் பொத்தியது. கொட்டகை முழுவதும் 'ஓ'வென்று கத்துகிறது; எனக்கோ ஒரே இருட்டு. கை விலகியபோது பதுமை ராமுவிடம் இருந்தது.

"மந்திரவாதி எங்கேம்மா?"

"வழுக்கி விழுந்துட்டான்."

கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்று நடந்தது. "வாடி, சோடா வாங்கித் தரேன்" என்று அம்மா என் கையைப் பிடித்து வெளியே அழைத்துக்கொண்டு போனாள். இடைவேளைக்கு மணி அடிக்கவில்லை, படம் ஓடிக்கொண்டிருந்தது. சோடாக்காரன்கூடத் திரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவன் கலர் சோடாவை உடைத்துக் கொடுத்து, நான் குடித்து, திரும்பி வந்தால், மாந்திரீகன் பழையபடி சிரித்துக்கொண்டிருக்கிறான்! விழுந்தவன் எழுந்துவிட்டான் போலிருக்கிறது என்று நான் இருந்துவிட்டேன். நாலணாக் கலரைக் காசை எண்ணி எண்ணிச் செலவழிக்கும் அம்மா எதற்கு வாங்கிக் கொடுத்தாள் என்று மட்டும் ஒரு ஆச்சரியம் மனத்தில் தங்கிவிட்டது.

என் கல்யாணத்துக்கு அப்புறம் ஒரு நாள் அத்தை பேச்சுவாக்கில் சொன்னாள்: "உங்கம்மா கல்யாணமான புதுசுலே உங்கப்பாவோட கும்பகோணம் போய்ப் பார்த்த படமாச்சே அது!" எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. படத்தில் எந்த இடத்தில் என்ன வரும் என்று தெரிந்துதான் அம்மா வந்திருக்கிறாள். அழுது ஆகாத்தியம் செய்தது நான் மட்டும் இல்லையோ, என்னவோ. அம்மாவைக் கேட்டேன். "பழைய கதை, போடி" என்று அப்பளக் குழவியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சென்ற மாதம் என் மகன் எங்கிருந்தோ அந்தப் படத்தைத் தேடிப் பிடித்துத் தொலைக்காட்சிப் பெட்டியில் ஓடவிட்டான். விளக்கை அணைத்தோம். (நீங்களும் அணைத்துவிடுங்கள். கைபேசிகளை வாங்கிச் சமையலறையில் வையுங்கள்; பெரியவர்களுடையதை முதலில்.) பாட்டு வந்தால் தாண்டிப் போகக்கூடாது என்று முன்னாலேயே பேசிக்கொண்டோம். ஆறு வயதுப் பேத்தி முதல் பத்து நிமிஷம் "கலர் எப்போ வரும்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள். மாந்திரீகன் வந்தான், அத்தோடு கேள்வி நின்றது.

பலிக் காட்சி வந்தபோது என் கை தானாக எழுந்து அவள் முகத்துக்குப் போனது. அவள் அதைத் தள்ளிவிட்டாள். நானும் அன்றுதான் பார்த்தேன். ஏதோ பயங்கரம் என்று இத்தனை வருஷமாக எண்ணியிருந்தது, ஒரு நொடியில் முடிந்துவிட்டது. இதற்கா கண்ணைப் பொத்தினாள் என்று எனக்குச் சிரிப்புக்கூட வந்தது.

அப்புறம் சீடன் மூலிகையோடு வந்தான். செத்தவன் எழுந்தான். பேத்தி என் பக்கம் திரும்பினாள்.

"பாட்டி, தாத்தாவுக்கு இந்த மூலிகை ஏன் வாங்கலை?"

என் வீட்டுக்காரர் காலமாகி அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. மகன் சுவரைப் பார்த்தான். மருமகள் சட்டென்று ரிமோட்டை எடுத்து, "அத்தை, நிறுத்திட்டுச் சாப்பிட்டுடலாமா?" என்றாள். கலர் சோடா என் தொண்டையில் சுர்ரென்று ஏறியது போல இருந்தது. அம்மா பயந்தது வாளுக்கு இல்லை.

"நிறுத்தாதேம்மா" என்றேன். பேத்தியிடம், "அது கதையிலே வர மூலிகை, கண்ணு. நிஜத்துலே கிடையாது. இருந்தா பாட்டி வாங்காம இருந்திருப்பேனா?" என்றேன்.

அவள் யோசித்தாள். "கதையிலேயும் கெட்டவனுக்குத்தான் கொடுக்கணுமா?"

இதற்கு நான் என்ன பதில் சொல்ல? "அநியாயந்தான்" என்றேன். அவளுக்கு அது போதுமானதாக இருந்தது. என் மடியில் ஏறி உட்கார்ந்துகொண்டு, மாந்திரீகனைக் கோபமாகப் பார்க்க ஆரம்பித்தாள்.

நீங்களும் போட்டுப் பாருங்கள். ஒரே இரவில் முடியாவிட்டால் இரண்டு இரவாக வைத்துக்கொள்ளலாம். முறுக்கு, தண்ணீர் எல்லாம் முன்கூட்டியே பக்கத்தில் எடுத்து வைத்துவிடுங்கள். நடுவில் யாரும் எழுந்து வெளியே போகும்படி ஆகக்கூடாது.