அந்தக் கதவைத் திறந்தவருக்கு

மதிப்பிற்குரிய அம்மாவுக்கு,

உங்களை நான் நேரில் பார்த்ததில்லை. உங்களுக்குத் தமிழ் தெரிந்திருக்கவும் வாய்ப்பில்லை. ஆனாலும் நன்றி என்று வரும்போது எனக்குத் தாய்மொழிதான் வாயில் வருகிறது.

நியூஜெர்சியில் வசிக்கிறேன். முப்பது வயதுக்குப் பிறகு என் பார்வை கொஞ்சம் கொஞ்சமாக மங்கி, ஒருநாள் முழுதாகவே போய்விட்டது. இப்போது என் இடது கையில் எப்போதும் ஒரு சேணப்பிடி இருக்கும். அதைச் சுமந்து முன்னே நடப்பவள் டெய்சி. மோரிஸ்டவுனில் உள்ள ‘சீயிங் ஐ’ வழிகாட்டி நாய்ப் பள்ளியில் பழகி வந்தவள். முதல் நாய்க்கு அவர்கள் கேட்பது 150 டாலர்தான். ஒரு நாயை வளர்த்துப் பழக்க ஆகும் செலவோடு பார்த்தால் அது ஒன்றுமே இல்லை.

சென்ற வாரம் சொத்துவரி விஷயமாக எங்கள் நகராட்சி அலுவலகத்துக்குப் போனோம். வாசலில் இருந்த காவலர் காலை வணக்கம் சொன்னார், லிஃப்ட் எந்தப் பக்கம் என்று சொன்னார். நாயைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. லிஃப்டில் ஏறியதும் எனக்கு உங்கள் நினைவு வந்தது.

1997 ஏப்ரல். அமெரிக்க செனட் அவையில் ஓரிகன் மாநிலத்தின் உறுப்பினரான ரான் வைடனின் அலுவலகத்தில் பணியில் இருந்தீர்கள். அணுக்கழிவு மசோதா மீது விவாதம். அந்தத் துறை அறிந்த நீங்கள் அவைக்குள் அவர் அருகே இருக்க வேண்டும். உங்களோடு வழிகாட்டி நாயும் வர வேண்டும். வைடன் அவையின் அனுமதி கேட்டார். ஒரே ஒருவர் மறுத்தாலும் கிடைக்காத வகை அனுமதி அது. மூத்த செனட்டர் ராபர்ட் பேர்ட் மறுத்தார். விதிக் குழு முறைப்படி பார்க்கட்டும் என்பது அவர் வாதம். அவர் மரபை மதித்தவர், அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் மாற்றுத்திறனாளிகளுக்கான அமெரிக்கச் சட்டத்தை 1990இல் நிறைவேற்றியதே அந்த அவைதான். ஏழு ஆண்டுகள் கழித்து, தன் வாசலிலேயே உங்களை நிறுத்தி வைத்தது.

நாயை வெளியே கட்டிவிட்டு யாராவது ஒருவரின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போயிருக்கலாம் நீங்கள். பலர் அப்படித்தான் போயிருப்பார்கள், நானும் போயிருப்பேன். நீங்கள் போகவில்லை. இரண்டொரு நாளில் அவை இறங்கி வந்தது. அங்கே நுழைய உரிமையுள்ள மாற்றுத்திறனாளி ஒருவர் தமக்கு வேண்டிய உதவிகளை, சேவை நாய் உட்பட, உடன் கொண்டுவரலாம் என்று தீர்மானம் வந்தது. நாயோடு உள்ளே போனீர்கள்.

நிறுத்தி வைக்கப்படுவது எப்படி இருக்கும் என்று எனக்கும் கொஞ்சம் தெரியும். டெய்சி வந்த புதிதில் ஓர் அரசு அலுவலகத்தில் சான்றிதழ் கேட்டார்கள். இருபது நிமிடம் தாழ்வாரத்தில் நின்றேன். வரிசையில் இருந்தவர்கள் எங்களைச் சுற்றிக்கொண்டு போகும் காலடிச் சத்தம் கேட்டபடி இருந்தது. மேலதிகாரி வந்ததும் அந்த 1990ஆம் ஆண்டுச் சட்டத்தைச் சொன்னேன். பார்த்தாலே தெரிகிற வழிகாட்டி நாயைப் பற்றி எதுவும் கேட்கக் கூடாது. தெரியாவிட்டால் இரண்டே கேள்விகள்: குறைபாட்டின் காரணமாகத் தேவைப்படும் நாயா, என்ன வேலைக்குப் பழகியது. சான்றிதழ் கேட்கக் கூடாது, செய்து காட்டச் சொல்லக் கூடாது, தனிக் கட்டணம் கூடாது. பக்கத்தில் இருப்பவருக்கு நாய் என்றால் பயம் என்பதும் காரணமாகாது. மேலதிகாரி மன்னிப்புக் கேட்டு உள்ளே அனுப்பினார்.

நாயை வைத்திருப்பவருக்கும் கடமை உண்டு, அதுவும் நியாயமே. நாய் அடங்காமல் திரிந்து, அவரும் அடக்காவிட்டால் வெளியே கொண்டுபோகச் சொல்லலாம். கண்ட இடத்தில் அசுத்தம் செய்தாலும் அப்படியே. அப்போதும் நாய்க்குத்தான் தடை, அந்த ஆளுக்கு உரிய சேவையை மறுக்க முடியாது. இந்தச் சட்டத்தில் எனக்கு மிகப் பிடித்த இடம் இதுதான். மனத்துணைக்காக மட்டும் வளர்க்கும் நாய் இதில் சேராது. அப்படிப்பட்ட நாய்க்குச் சேவை நாய் என்று அட்டை மாட்டி அழைத்து வருகிறவர்கள் எங்கள் வழியைத்தான் அடைக்கிறார்கள், தயவுசெய்து வேண்டாம்.

மத்திய அரசுக் கட்டடங்கள் இந்தச் சட்டத்துக்குள் வருவதில்லை. அவற்றுக்குத் தனிச் சட்டம் இருக்கிறது. சேணமோ வாரோ பூட்டிய நாயோடு, பொதுமக்கள் போகும் இடமெல்லாம் போகலாம்.

உங்களுக்கும் முன்னால் 1928இல், சுவிட்சர்லாந்திலிருந்து பட்டி என்ற வழிகாட்டி நாயை அழைத்து வந்து நியூயார்க்கின் நெரிசலான சாலையைக் கடந்து காட்டிய, பார்வையற்ற மோரிஸ் ஃபிராங்குக்கும் நான் கடன்பட்டவன். மறு ஆண்டு அவரும் டோரத்தி யூஸ்டிஸும் தொடங்கிய பள்ளியிலிருந்துதான் டெய்சி வந்தாள். தெருவை அவர்கள் திறந்தார்கள். ஆட்சி நடக்கும் அறையின் கதவு உங்களுக்காகத் திறந்தது.

குடியுரிமை பெற்றபின் முதல்முறையாக ஜூரி பணிக்கு அழைப்பு வந்திருக்கிறது. வரும் திங்கள் காலை கவுன்டி நீதிமன்றத்துக்கு நானும் டெய்சியும் போகிறோம்.


டெய்சியின் பின்னால் நடப்பவன்