நோட்டில் விட்டுப்போன ஐந்து மாதம்

போன மாதம் முழுக்க நான் எதுவும் எழுதவில்லை. உடம்புக்கு ஏதாவதா என்று இரண்டு பேர் போன் செய்து விசாரித்தார்கள். பேட்டராயசுவாமி கோயில் பக்கம் காலை நடையில் பார்க்கிற நண்பர் நேரிலேயே கேட்டுவிட்டார். உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. எழுபத்தைந்து வயதில் ஓர் ஆராய்ச்சிக் கட்டுரைக்கு இரண்டாவது ஆசிரியராக மாட்டிக்கொண்டேன், அவ்வளவுதான்.

என் படிப்பு எல்லோருக்கும் தெரியும். புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தேன். பிறகு அங்கேயே அரசு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து, 2010இல் மேல்நிலை எழுத்தராக ஓய்வு பெற்றேன். தபால் பதிவேடு, அனுப்புகைப் பதிவேடு, குறிப்புக் கோப்பு இவைதான் என் உலகம். குழந்தை உளவியலுக்கும் எனக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனால் ஒரு நோட்டு வைத்திருந்தேன்.

மகனுக்கு ஓசூரில் வேலை. பெண் எடுத்தது தேன்கனிக்கோட்டையில், தெலுங்கு பேசும் குடும்பத்தில். சம்பந்தியம்மா தனியாக இருந்ததால் மகனும் மருமகளும் அவர் வீட்டிலேயே தங்கிவிட்டார்கள். ஓய்வு பெற்ற கையோடு பேரனைப் பார்த்துக்கொள்ள நானும் என் மனைவியும் வந்து சேர்ந்தோம். பேரன் 2009 ஜூனில் பிறந்தவன். எங்களோடு தமிழ், அம்மம்மாவோடு தெலுங்கு, பக்கத்து வீட்டில் கன்னடம், தெருமுனைக் கடையில் உருது. இந்த ஊரில் இது அதிசயமே இல்லை. சந்தையில் தக்காளி விற்கிறவர் ஆளின் முகத்தைப் பார்த்தே எந்த மொழியில் விலை சொல்வது என்று முடிவு செய்துவிடுவார்.

நான் வந்த நாளிலிருந்து பையன் சொன்ன புதுச் சொற்களைத் தேதி போட்டு எழுதிவந்தேன். ஆராய்ச்சி செய்யும் எண்ணமெல்லாம் இல்லை. நாற்பது வருடம் பதிவேடு எழுதிய கை சும்மா இருக்காது. எழுதியது பிரெஞ்சில். வீட்டில் வேறு யாருக்கும் பிரெஞ்சு வாசிக்கத் தெரியாது என்பதால் மனதில் பட்டதையும் சேர்த்து எழுதலாம் என்ற வசதி.

பெங்களூரில் உளவியலில் ஆராய்ச்சி செய்யும் என் மகள் இரண்டு வருடம் முன்பு இந்த நோட்டைப் பார்த்துவிட்டாள். "அப்பா, இது எவ்வளவு பெரிய விஷயம் தெரியுமா உங்களுக்கு?" என்றாள். மூன்று மொழி கேட்டு வளரும் ஒரு குழந்தையைப் பற்றித் தேதிவாரியான குறிப்பு. குழந்தை உளவியல் இதழுக்கு ஒரு கட்டுரையாக அனுப்பலாம் என்றாள். கிழவன் கிறுக்கினதை யார் போடுவார்கள் என்று சிரித்தேன். அப்போதுதான் டார்வின் கதையைச் சொன்னாள்.

பரிணாமக் கொள்கை சொன்ன அதே டார்வின்தான். 1839 டிசம்பரில் பிறந்த தன் மூத்த மகனைப் பற்றி அவர் ஒரு குறிப்பேடு எழுதினார். எழுதிவிட்டு முப்பத்தேழு வருடம் அப்படியே வைத்திருந்தார். 1877இல் 'மைண்ட்' என்ற இதழில் ஹிப்போலித் தேன் என்ற பிரெஞ்சுக்காரர், குழந்தை மொழி கற்பதைப் பற்றி எழுதிய கட்டுரையின் மொழிபெயர்ப்பு வந்தது. அதைப் படித்த பிறகுதான் பழைய குறிப்பேட்டைத் தேடி எடுத்து, அதே இதழுக்கு எழுதி அனுப்பினார். அந்தக் குழந்தை ஒரு வயதில் சாப்பாட்டுக்குத் தானாக ஒரு சொல் கண்டுபிடித்ததாம்: 'மம்'. எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. நம் வீடுகளில் எத்தனை தலைமுறையாக 'மம்மு' ஊட்டுகிறோம்! டார்வின் வீட்டுக்கு நம் பாட்டி ஒருத்தி போய் வந்திருப்பாள் போல.

அடுத்து மகள் ஒரு பழைய பிரெஞ்சுப் புத்தகத்தின் நகலைக் கொடுத்து, படித்துச் சொல்லச் சொன்னாள். ஜூல் ரோன்ழா 1913இல் பாரிஸில் வெளியிட்டது. தன் மகன் லூயியிடம் அப்பா பிரெஞ்சிலும் அம்மா ஜெர்மனிலும் மட்டுமே பேசி வளர்த்ததைக் கூர்ந்து கவனித்து எழுதியிருக்கிறார். ஒருவருக்கு ஒரு மொழி என்பது அவர் நண்பர் கிராமோன் சொன்ன யோசனை. பையன் எந்தச் சிக்கலும் இல்லாமல் இரண்டையும் பேசினான். படித்துக்கொண்டே வந்தவன் நடுவில் புத்தகத்தை மூடிவிட்டேன். காரணம் மகளிடம் சொல்லவில்லை.

எழுதுவது மகள், நோட்டை வாய்விட்டு மொழிபெயர்ப்பது நான் என்று நாலு மாதம் வேலை செய்தோம். அனுப்பும் கட்டத்தில் ஒரு வேடிக்கை. ஏதோ ஒரு இதழிலிருந்து மின்னஞ்சல் வந்தது. என்னை 'மாண்புமிகு பேராசிரியர்' என்று அழைத்து, மூன்றே நாளில் ஏற்றுக்கொள்வோம், 150 டாலர் கட்டுங்கள் என்றது. மூன்று நாளில் எந்த ஆபீஸில் கோப்பு நகர்ந்திருக்கிறது? இது மோசடி என்று மகளுக்கு முன்னால் நான் சொல்லிவிட்டேன். இப்படிப்பட்டவை ஏராளமாம். 2018 மே மாதத்தில் பல்கலைக்கழக மானியக் குழுவே தன் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை நீக்கியிருக்கிறது.

ஒழுங்கான இதழ் எது என்று மகள் பார்த்து அனுப்பினாள். பெயர் இங்கே வேண்டாம். கோப்பு இன்னும் நிலுவையில் இருக்கிறது. நடைமுறை எனக்கு மிகவும் பிடித்திருந்தது. எழுதியவர் யார் என்று படித்துப் பார்க்கிறவருக்குத் தெரியக்கூடாது, படிப்பவர் யார் என்று நமக்குத் தெரியக்கூடாது. சிபாரிசுக்கு வழியே இல்லை. நம் ஆபீஸில் இப்படி இருந்திருந்தால் எத்தனை பேர் பதவி உயர்வு இல்லாமல் போயிருப்பார்கள் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். கட்டுரையில் ஊர்ப்பெயரைக்கூட எடுத்துவிட்டு, 'தென்னிந்திய எல்லையோர நகரம்' என்று போட்டோம்.

நாலரை மாதம் கழித்துத் திரும்பி வந்தது. நிராகரிக்கவில்லை, ஆட்சேபணைகளுக்குப் பதில் எழுதி, திருத்தி அனுப்ப அறுபது நாள் கெடு. முதல் மதிப்பாய்வாளர் நல்லவிதமாக நாலு வரி எழுதியிருந்தார். இரண்டாமவர் மூன்று பக்கம். கணக்குத் தணிக்கைக்காரர்களில் சிலர் இருப்பார்களே, ஒரு பைசாவும் தப்பாது, அந்த ரகம். ஏழாவது கேள்வி இதுதான்: 2012 ஜூலை முதல் டிசம்பர் வரை குழந்தையின் தெலுங்குச் சொல் ஒன்றுகூடப் பதிவாகவில்லை, தமிழ்ச் சொற்கள் மட்டும் இருக்கின்றன, ஏன்?

மகள் என்னைக் கேட்டாள். "பக்கம் கிழிஞ்சிருக்காப்பா?"

கிழியவில்லை. அந்தப் பக்கம் இருக்கிறது. வாசித்துக் காட்டும்போது நான்தான் தாண்டிவிட்டேன். கோப்பிலிருந்து தாளை உருவுகிறவர்களை என் வேலைக்காலம் முழுக்கக் கேவலமாகப் பேசியவன் நான்.

நடந்தது இது. மூன்று வயது முடிந்தும் பேரனுக்குப் பத்துப் பன்னிரண்டு சொல்தான். பெங்களூரில் காது பரிசோதனை செய்ததில் கேட்பதில் குறை இல்லை என்றார்கள். சேர்த்திருந்த நர்சரி பள்ளியில், மூன்று மொழி போட்டுக் குழப்புகிறீர்கள், வீட்டில் ஒன்றைக் குறையுங்கள் என்றார்கள். எதைக் குறைப்பது? மகனும் மருமகளும் நானும் என் மனைவியும் உட்கார்ந்து பேசினோம். சம்பந்தியம்மா அடுக்களையில் இருந்தார். தெலுங்கை நிறுத்துவது என்று முடிவாயிற்று. "மாமா, எங்கம்மாகிட்ட நான் எப்படிச் சொல்றது? நீங்களே சொல்லிடுங்க" என்றாள் மருமகள். நான்தான் போய்ச் சொன்னேன். "சரிங்கண்ணா" என்றார் அவர், அவ்வளவுதான். 2012 ஜூலை 9.

அவருக்குத் தமிழ் கடைத்தெருவுக்குப் போதும். குழந்தையைக் கொஞ்சப் போதாது. ஆகவே பேசாமலே இருந்துவிட்டார். குளிப்பாட்டினார், ராகிக்களி உருட்டி ஊட்டினார், தூங்க வைத்தார், எல்லாம் வாயைத் திறக்காமல். அது அவர் வீடு. வந்து தங்கியவர்கள் நாங்கள். ஜூலை மாதக் கடைசிப் பக்கத்தில், வீடு அமைதியாக இருக்கிறது, பலன் தெரியும் என்று எழுதியிருக்கிறேன்.

டிசம்பர் 14 அன்று பையன் கொல்லையில் துவைக்கிற கல் மேல் ஏறி விழுந்தான். முழங்காலில் ரத்தம். சம்பந்தியம்மா "அய்யோ, நா பங்காரமா!" என்று கத்திக்கொண்டு ஓடி வந்து தூக்கினார். அழுதுகொண்டிருந்தவன் சட்டென்று நிறுத்தினான். என் பக்கம் திரும்பி, "அம்மம்மா மாட்லாடிந்தி" என்றான். அம்மம்மா பேசினாள். இரண்டு சொல் சேர்த்து அவன் சொன்ன முதல் வாக்கியம் அதுதான். நோட்டில் அந்த இடம் மட்டும் பிரெஞ்சுக்கு நடுவே தமிழ் எழுத்தில் இருக்கிறது.

அன்று இரவே கட்டுப்பாட்டை எடுத்துவிட்டோம். அடுத்த கோடைக்குள் அம்மம்மாவிடம் "நீள்ளு காவாலி", என்னிடம் "தண்ணி வேணும்", பக்கத்து வீட்டில் "நீரு பேகு" என்று ஆள் பார்த்துக் கேட்க ஆரம்பித்தான். சம்பந்தியம்மா 2019இல் காலமானார். அந்த ஐந்து மாதத்தைப் பற்றி அவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

மகள் கேட்டுவிட்டு வெகுநேரம் சும்மா இருந்தாள். "இதை எழுதணும்பா" என்றாள். வேண்டாம், நோட்டில் விடுபட்டது என்று போட்டுவிடு என்று கெஞ்சினேன். பொய் எழுத மாட்டேன் என்றாள். பெண்ணை நன்றாகத்தான் வளர்த்திருக்கிறேன், அந்த நேரத்தில் அது தெரியவில்லை.

நாங்கள் செய்தது புதிய தவறும் அல்லவாம். 1923இல் வேல்ஸில் சேயர் என்பவர், இருமொழிக் குழந்தைகள் அறிவில் பின்தங்குவதாக எழுதினார். பல வருடம் அதையே நம்பினார்கள். 1962இல் கனடாவின் மாண்ட்ரியலில் பீல், லாம்பர்ட் இருவரும் பிரெஞ்சும் ஆங்கிலமும் பேசும் பத்து வயதுப் பிள்ளைகளைச் சோதித்தபோது இருமொழிப் பிள்ளைகளே முன்னால் இருந்தார்கள். நம் வயதுக்காரர்களுக்கு ஒன்று: 2013இல் ஹைதராபாத் நிம்ஸ் மருத்துவமனையில் சுவர்ணா அல்லாடி குழுவினர் மறதி நோய் வந்த 648 பேரைப் பார்த்ததில், இரண்டு மொழி பேசியவர்களுக்கு அந்த நோய் சுமார் நாலரை வருடம் தாமதமாக வந்திருந்தது. சந்தையில் கன்னடத்தில் பேரம் பேசுவதை விட்டுவிடாதீர்கள்.

இரண்டாம் மதிப்பாய்வாளர் இன்னொன்றும் எழுதியிருந்தார். ஒரே குழந்தை, கவனித்தவர் சொந்தத் தாத்தா. இதை வைத்து எதையும் நிரூபித்ததாகச் சொல்ல முடியாது, பேச வேண்டிய வயதில் அவன் தானாகவே பேசியிருக்கலாம் என்று. அவர் சொன்னதில் தப்பே இல்லை. தலைப்பில் 'விளைவு' என்று இருந்ததை 'ஒரு குறிப்பு' என்று மாற்றினோம்.

கடைசியாகப் பையனின் சம்மதம். மகளின் நிறுவனத்து நெறிமுறைக் குழு முன்பே அனுமதி தந்து, பெற்றோர் கையெழுத்தும் வாங்கியிருந்தது. ஆனால் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 நெறிமுறைப்படி 12 முதல் 18 வயது வரை உள்ளவர்களிடம் எழுத்தில் சம்மதம் வாங்க வேண்டும். முன்பு ஒரு தடவை போட்டிருந்தான். புதிதாக ஒரு பகுதி சேர்ந்ததால் திரும்பவும் காட்ட வேண்டும் என்றாள் மகள். பதினாறு வயதுப் பையன் அந்தப் பகுதியைப் படிக்கும்போது நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். எத்தனையோ மேலதிகாரி முன்னால் நின்றிருக்கிறேன், அப்படி இருந்ததில்லை.

"அம்மம்மாவ பேசக்கூடாதுன்னு நீங்கதான் சொன்னீங்களா தாத்தா?"

"ஆமாம்ப்பா."

"எனக்காகவா?"

அதற்கும் ஆமாம் என்றேன். தாளை மேசையில் வைத்துவிட்டுப் போய்விட்டான். இரண்டு நாள் என்னோடு அதிகம் பேசவில்லை. கெடுவுக்கு ஒன்பது நாள் இருந்தது. நான் போய்க் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்று மகளும் சொல்லியிருந்தாள். அவன் வேண்டாம் என்றால் கட்டுரையையே திரும்பப் பெற்றுக்கொள்ள வேண்டியதுதான்.

மூன்றாம் நாள் காலை பல் துலக்கிக்கொண்டே வந்து, அம்மம்மா பெயரை ஏன் போடவில்லை என்று கேட்டான். யார் பெயரும் போடக்கூடாது, அது விதி என்றேன். அப்படியானால் அந்த 'அம்மம்மா மாட்லாடிந்தி'யை ஆங்கில எழுத்தில் போடாமல் தெலுங்கு எழுத்திலேயே போடச் சொல்லுங்கள் என்றான். அவனுக்குத் தெலுங்கு எழுதத் தெரியாது. மருமகள் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தாள். கணினியில் அது முதலில் கட்டம் கட்டமாக வந்தது; மகள் ஏதோ எழுத்துருவை மாற்றிச் சரி செய்தாள். கையெழுத்துப் போட்டான்.

கெடுவுக்கு நாலு நாள் முன்பே அனுப்பிவிட்டோம். பெற்றுக்கொண்டதாக ஓர் எண் வந்தது. அதை நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதியோடு பதிந்து வைத்திருக்கிறேன். இந்தப் பதிவையும் அவன் படித்துவிட்டு, போடலாம் என்று சொன்ன பிறகே போடுகிறேன். ராகிக்களியைப் பற்றி இன்னும் இரண்டு வரி எழுதியிருக்கலாம் என்றான்.