கண்ணாடிக்குள் ஒரு கடல்

ஆழமறியாமல் காலை விடாதே என்று வகுப்பிலே மாணவர்க்கு எத்தனையோ முறை கூறியிருக்கின்றோம். கூறிய நாமே, முழங்கால் ஆழங்கூட இல்லாத ஒரு கண்ணாடித் தொட்டிக்குள் காலை விட்டுத் தவித்த கதையை இன்று வாசகர்க்குச் சொல்லப் போகின்றோம்.

முல்லைத்தீவில் வாழும் எமக்குக் கடல் புதிதன்று. சைக்கிளிற் புறப்பட்டால் சிறிது நேரத்தில் அலையோசை கேட்கும். ஆயினும் கடல் மீன்களை வீட்டிலேயே வைத்துப் பார்க்கவேண்டுமென எமது மகள் ஆசைப்பட்டாள். மூன்றடித் தொட்டியொன்று வாங்கி, கலன்களிற் கடல்நீர் கொணர்ந்து நிரப்பி, விறாந்தையிலே வைத்தோம். மூன்றாம் நாளே, கொழும்பிலிருந்து வருவித்த நீலநிறச் சிறுமீன்கள் மூன்றை விட்டோம். மகளின் மகிழ்ச்சிக்கு அளவில்லை. நாளுக்கு நான்கு முறை உணவு தூவினாள்.

இச்செய்தி கல்லூரிக்கும் எட்டியது. உயர்தர வகுப்பு மாணவன் ஒருவன், அளம்பிற் பக்கத்துக் கடற்றொழிலாளியின் மகன், ஒரு காலை வாளியுடன் வந்து நின்றான்.

“சேர், அப்பாவின் வலையில் சிக்கி வந்தது. வீசிவிடப் பார்த்தார். உங்கள் தொட்டிக்கென்று நான் வாங்கி வந்தேன்” என்றான்.

வாளிக்குள்ளே உயிருள்ள முருகைக்கல் துண்டொன்று இருந்தது. அவனை வகுப்பின் முன் நிறுத்திப் பாராட்டினோம். எமது முதற்பிழை அங்கேதான் நிகழ்ந்தது.

முருகைக்கல் உண்மையில் கல்லன்று. எண்ணற்ற சிற்றுயிர்கள் கூடிக் கட்டிய சுண்ணாம்பு மாளிகை அது. அவ்வுயிர்களின் உடலுக்குள் நுண்பாசிகள் குடியிருந்து, வெயிலைக்கொண்டு உணவாக்கி, வீட்டுக்காரருக்கு வாடகையாக அளிக்கின்றன. நீர் அளவுமீறி வெப்பமுற்றால் குடியிருப்போர் வெளியேற, கல் வெளுத்துவிடும். 1998ஆம் ஆண்டில் இந்து சமுத்திரம் வெப்பமேறியபோது இலங்கையின் பல முருகைக்கற் பார்கள் இவ்வாறே வெளுத்தன.

எமது தொட்டியிலும் கல் வெளுத்தது. ஒன்பதே நாளில் மடிந்தது. மீனொன்றும் இறந்து மிதந்தது. அதன் பின்னரே புத்தகங்களைப் புரட்டினோம். மீனின் கழிவும் எஞ்சிய உணவும் அழுகி அமோனியா என்னும் நஞ்சாகின்றன. அதனை ஒருவகைப் பற்றீரியா நைத்திரைற்று ஆக்கும், அதுவும் நஞ்சே. வேறொரு வகை அதனைத் தீங்கு குறைந்த நைத்திரேற்று ஆக்கும். இப்பற்றீரியாக்கள் புதுத் தொட்டியிற் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரம் வேண்டும். நாம் கொடுத்ததோ மூன்று நாள்! போதாக்குறைக்கு, கச்சான் காற்றில் நீர் வற்றும்போதெல்லாம் மேலும் கடல்நீரையே ஊற்றி வந்தோம். வற்றுவது நன்னீர்; உப்பு தொட்டியிலேயே தங்கிவிடும். நன்னீரை ஊற்றவேண்டிய இடத்தில் உப்பின்மேல் உப்பைச் சேர்த்திருக்கின்றோம். உயிரியல் நூல்களைக் கையிற் கொண்டு திரிபவர்க்கு இஃது எவ்வளவு நாணமென்று சொல்லவேண்டியதில்லை.

கல் மடிந்தது, அதனோடு வந்த விருந்தாளிகள் மடியவில்லை. இருபுறமும் வெண்மயிர் போன்ற முட்கள் நிறைந்த புழுக்கள் இரவிலே வெளிவந்தன. பீடையென்று விரலாற் பிடித்தோம். முட்கள் தோலில் ஏறி இரண்டு நாள் எரிந்தன. அவற்றுட் பெரும்பாலானவை எஞ்சிய உணவைத் தின்று தொட்டியைத் துப்புரவாக்கும் தோழர்கள் என்பதைப் பின்னரே அறிந்தோம்.

உண்மையான பீடை வேறொன்று. பழுப்பு நிறத்தில், சிறு பூப்போன்று விரிந்து நின்ற கடற்சாமந்தி அது. ஐப்டேசியா என்பது அதன் பெயர். அருகில் வருவனவற்றைக் கொட்டி இடம்பிடிக்கும் இயல்புடையது. கத்திமுனையாற் சுரண்டி எறிந்தோம். மூன்றாக இருந்தது இரு வாரத்தில் இருபதாயிற்று!

இதைக் கண்ட எமது மனைவி, “வயற்காரரின் மகளாகிய என்னைக் கேட்டிருக்கலாமே! கோரையைப் பிடுங்கினால் போகுமா? கிழங்கு மண்ணிலே கிடந்தால் ஒன்று பத்தாகாதா?” என்றார்.

வன்னி வயல்களைக் கண்டவர்க்கு இவ்வுவமை விளங்கும். ஐப்டேசியாவும் அப்படித்தான், அடியிலே சிறு துணுக்கு எஞ்சினாலும் முழு உயிராக வளர்ந்துவிடும். ஆகவே சுரண்டுவதை நிறுத்தினோம். தூய சுண்ணாம்பைத் தடித்த கூழாகக் கரைத்து, ஊசிக்குழாயால் அதன் வாயிலே இட்டோம். நீரின் காரத்தன்மை ஏறாதபடி நாளொன்றுக்கு இரண்டு மூன்றுக்கு மேற்படாமற் செய்தோம். அதனினும் பயன் தந்தது உணவைக் குறைத்தமையே. மிச்ச உணவினாலன்றோ அது பெருகியது! நான்கு முறை தூவிய மகள் இப்போது ஒருமுறை, ஒரு சிட்டிகை மட்டுமே தூவுகின்றாள்.

இனி எமது பெரும்பிழைக்கு வருவோம். இலங்கைக் கரையோரத்தில் முருகைக்கல்லைச் சேகரிப்பதையும் வைத்திருப்பதையும் கரையோரப் பாதுகாப்புச் சட்டத்தின் 1988ஆம் ஆண்டுத் திருத்தம் தடை செய்கின்றது. உயிருடனாயினும் உயிரற்றதாயினும் ஒன்றே. இதனை அறிந்த இரவு எமக்கு உறக்கம் வரவில்லை. அறியாத மாணவன் கொணர்ந்தான். அறிந்திருக்கவேண்டிய ஆசிரியர் பாராட்டினோம். மறுநாள் வெண்கல்லை எடுத்துக்கொண்டு உரிய அலுவலகத்துக்குச் சென்று, குற்றம் எம்முடையதே எனக் கூறி ஒப்படைத்தோம். அலுவலர் எச்சரித்து அனுப்பினார். பின்னர், எந்த வகுப்பின் முன் பாராட்டினோமோ அதே வகுப்பின் முன் எமது தவற்றையும் எடுத்துரைத்தோம். மாணவனின் முகம் முதலில் வாடியது. பிழை தன்னுடையதன்று என உணர்ந்தபின் தெளிந்தது.

அவனே இன்னொரு வழியுங் கூறினான். “எல்லாவற்றையும் கடலிலேயே கொட்டிவிட்டுப் புதிதாகத் தொடங்குவோமா, சேர்?”

கேட்பதற்கு நியாயமாகவே இருந்தது. ஆனால் எமது மீன்கள் எந்த நாட்டுக் கடலிற் பிறந்தவையோ, அவற்றோடு வந்த நீரில் எவ்வித்து மறைந்திருந்ததோ, யாரறிவார்? 1984ஆம் ஆண்டு மொனாக்கோ நாட்டுக் கடல்சார் அருங்காட்சியகத்தின் கீழே, காட்சித் தொட்டிகளில் வளர்க்கப்பட்ட கோலேர்ப்பா என்னும் பச்சைப்பாசி கடலிற் காணப்பட்டது. அன்று அது ஒரு சதுர மீற்றர் அளவே. பின்னர் மத்தியதரைக் கடலின் பல நாட்டுக் கரைகளிற் பரவிவிட்டது. அவ்வளவு தூரம் போவானேன்? எமக்கு எதிர்க்கரையிலே, மன்னார் வளைகுடாவின் குருசடைத் தீவைப் பாருங்கள். அப்பகுதியில் வருவாய்க்கென வளர்க்கப்பட்ட கப்பாபைக்கஸ் என்னும் அயல்நாட்டுக் கடற்பாசி, அங்குள்ள உயிருள்ள முருகைக்கற்களின்மேற் படர்ந்து மூடியதை 2008ஆம் ஆண்டு ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். அதுவும் சிறு துண்டிலிருந்து வளர்வதே. கோரைக்கிழங்கு வயலில் மட்டும் இல்லை.

ஆகவே தொட்டியிலிருந்து எடுக்கும் நீரையும் பாசியையும் கடலுக்கோ நந்திக்கடலுக்கோ நாம் கொண்டு செல்வதில்லை. வெளுப்புத்தூள் கலந்து ஒருநாள் வைத்து, கிணற்றுக்கும் பயிருக்கும் எட்டாத வெறுமணலிற் கொட்டுகின்றோம். சிறிது சிரமந்தான், கடல் பெறாத கேட்டை எண்ணும்போது அது பெரிதன்று.

இப்போது எமது தொட்டியில் இரண்டு நீலமீன்களும், ஆற்றுக் கருங்கற்கள் சிலவும், நாம் மன்னித்துவிட்ட புழுக்களும் உள்ளன. ஐப்டேசியா இரண்டொன்று மூலையில் எட்டிப்பார்ப்பதுண்டு. அவற்றைக் கண்டு பதறுவதில்லை. முருகைக்கல் மட்டும் இல்லை.

“அப்பா, அது இல்லாவிட்டால் எப்படிக் கடலாகும்?” என்று மகள் குறைப்படுகின்றாள். அதற்கும் மாணவன் வழி சொல்லியிருக்கின்றான். சித்திரையிற் கடல் அடங்கியதும், தந்தையாரின் படகிலே எம் குடும்பத்தாரை ஏற்றிச் சென்று, அந்தக் கல் பிறந்த பாரை நீரின் மேலிருந்தே காட்டுவானாம். தொடாமற் பார்ப்பதாக நாமும் அவனுக்கு வாக்களித்திருக்கின்றோம்.