சீமெந்தும் முந்நூறு ஆண்டும்

பம்பலப்பிட்டிக் கடலோர வீடுகளின் சுவரை நோக்குவோர்க்குச் சீமெந்தின் ஆயுள் பற்றிப் பெருமிதம் எழாது. உப்புக்காற்று உட்புக, உள்ளிருக்கும் கம்பி துருவேறிப் பருக்கும். காரை வெடித்து உதிரும். ஒரு தலைமுறைக்குள்ளேயே வீட்டுக்காரர் மேசனைத் தேட நேரிடும்.

அச்சீமெந்திடமே மனிதன் வேறொரு பொறுப்பையும் ஒப்படைத்துள்ளான். 1983இல் முதல் மின் உலை இயங்கத் தொடங்கிய கல்பாக்கம் போன்ற இடங்களில், தாழ்ந்த, இடைத்தரக் கதிர்த்தொழிற்பாடுடைய கழிவுகள் சீமெந்தில் கலந்து இறுக்கப்படுகின்றன. உயர்தரக் கழிவுக்குக் கண்ணாடியே புகலிடம். சீசியம்-137இன் அரைவாழ்வுக்காலம் ஏறத்தாழ 30 ஆண்டு. அது ஆயிரத்திலொரு பங்காகக் குறைய 300 ஆண்டு செல்லும். அதுவரை அக்கல் காவல் நிற்றல் வேண்டும்.

கதிர்வீச்சு அக்கல்லை எளிதிற் பொடியாக்குவதில்லை. ஆயின், இறுகிய சீமெந்தினுள்ளும் நீர் உண்டு. கதிர்வீச்சு அந்நீரைப் பிளந்து ஐதரசன் வாயுவை விளைவிக்கும். வெளியேற வழியின்றேல் அமுக்கம் பெருகும். சீசியமோ நீரிற் கரைந்து கசியும் இயல்பினது. அதனைப் பற்றி நிறுத்தக் களிமண் வகைகள் சேர்க்கப்படுவதுண்டு. ஆய்வுகூடத்திற் செறிந்த காமாக் கதிரைப் பாய்ச்சி, நெடுங்காலக் கதிரளவைக் குறுகிய காலத்தில் ஊட்டிப் பார்க்கலாம். முந்நூறு ஆண்டு மழைநீரின் மெல்லிய ஊறலை அங்ஙனம் முற்றாகச் சுருக்குதல் இயலாது.

வீட்டுச்சுவர் பிளந்தால் மேசனை அழைக்கலாம். பத்துத் தலைமுறைக்கு அப்பால் அக்கல் பிளந்தால் அழைப்பவர் யார்? விளக்கின் ஒளி இன்றுள்ளோர்க்கு, காவற்கடன் வருவோர்க்கு. அக்கடனை இயன்றவரை சிறிதாக்கி வைப்பதே அறிவியலின் அறம்.