மக்காத சருகு

கொல்லையில் சருகைக் குவித்தால் எருவாகிவிடும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்றுதான் நானும் இருந்தேன், அமெரிக்காவிலே பென்ஸில்வேனியாவில் பால்மர்ட்டன் என்ற ஊரின் கதையைப் படிக்கும் வரை. 1898 முதல் 1980 வரை அங்கே துத்தநாகம் உருக்கினார்கள். புகையோடு போன துத்தநாகமும் காட்மியமும் பக்கத்து மலைக்காட்டில் படிந்தன. மரங்கள் பட்டுப்போனதில் ஆச்சரியமில்லை. விழுந்த இலை மக்கவில்லை, அதுதான் விஷயம்! மண்ணிலிருந்த பாக்டீரியாவும் பூஞ்சணமும் குன்றிப்போக, சருகு தடித்துக்கொண்டே வந்தது. செத்த மரங்கள் வருஷக்கணக்கில் உளுத்துப்போகாமல் கிடந்தன.

கதைகளில் நான் எத்தனையோ பேரைச் சாகவிட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு ஆகவேண்டிய காரியத்தை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

அன்று மாலை கொல்லைக்குப் போய்க் குவியலைக் குச்சியால் கிளறினேன். அடியில் வெதவெதவென்று இருந்தது. "காப்பி ஆறுகிறது, அங்கே என்ன தேடுகிறீர்கள்?" என்றாள் மனைவி.