சரக்கு மிடுக்கா, செட்டியார் மிடுக்கா?

"சரக்கு மிடுக்கா, செட்டியார் மிடுக்கா?" என்று நம் ஊர்ப்பக்கம் ஒரு பழமொழி உண்டு. பண்டம் நல்லதாக இருப்பதால் விற்கிறதா, விற்பவருடைய சாமர்த்தியத்தால் விற்கிறதா என்பது கேள்வி. சிறுவயதில் பாட்டியின் வாயிலிருந்து இதைப் பலமுறை கேட்டிருக்கிறேன். ஆனால் அதன் பொருள் எனக்கு விளங்கியது, தில்லிக்கு வந்து, பௌதிகத்தில் முதுகலை வகுப்பில் சேர்ந்து, 14 பேருடைய பணத்தை ஒரே காலைப்பொழுதில் வீணாக்கிய பிறகுதான்.

சென்ற செப்டம்பரில், நம் சங்கத்தில் புதிதாகச் சேர்ந்த மாணாக்கரை வரவேற்கும் பொருட்டு ஓர் உல்லாசப் பயணம் போனோம். நகரத்துக்கு வெளியே உள்ள ஒரு பெயின்ட்பால் மைதானம். விளையாட்டு எளியது. அழுத்தப்பட்ட வாயுவால் இயங்கும் துப்பாக்கியால், சாயம் நிரம்பிய சிறு குண்டுகளை எதிர்க்கட்சியார்மேல் சுட வேண்டும். சாயம் பட்டவர் ஆட்டத்தைவிட்டு வெளியேற வேண்டும்.

வாசலிலேயே பெரிய விளம்பரப் பலகை நின்றது. நுழைவுக் கட்டணத்தோடு கிடைப்பது பழைய துப்பாக்கி. தலைக்கு 150 ரூபாய் கூடுதலாகக் கொடுத்தால், கறுத்து மினுங்கும் நீண்ட குழலுடைய 'ஸ்பெஷல்' துப்பாக்கி. அதற்கு 50 சதவீதம் அதிக தூரமாம், குறியும் தப்பாதாம். புதிய மாணாக்கர் தயங்கினார்கள். அப்போது ஒரு தம்பி என் பக்கம் திரும்பி, "அண்ணா, நீங்க பௌதிகம் படிக்கிறீங்க. நீங்க சொன்னாச் சரி" என்றான்.

அங்கேதான் சனி பிடித்தது. எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. நாடி பார்க்கும் வைத்தியர் மாதிரி அந்தக் குழலைத் தடவிப் பார்த்தேன். "குழல் நீளம். வாயு அதிக நேரம் தள்ளும். வேகம் கூடும்" என்றேன். 14 பேரும் மறுபேச்சின்றிப் பணத்தை எடுத்தார்கள்.

தோற்றோம். எதிரே இருந்தவர்கள் பழைய துப்பாக்கிக்காரர்கள். எங்கள் குண்டுகளில் சில குழலுக்குள்ளேயே உடைந்து சாயத்தைக் கக்கின; சில கிளம்பிய இடத்திலிருந்து கோணிக்கொண்டு போயின. திரும்பும் பேருந்தில் ஒருவன்கூடத் துப்பாக்கியைக் குறை சொல்லவில்லை. "எனக்குத்தான் குறி பார்க்கத் தெரியல, அண்ணா" என்றான் அதே தம்பி. பெரிய வாக்குறுதியோடு வந்த பண்டம் பொய்த்துப்போனால், வாங்கியவன் தன்னையே நொந்துகொள்கிறான். விளம்பரத்துக்கு இதைவிடப் பெரிய பாதுகாப்பு வேறென்ன வேண்டும்? அந்தத் தம்பி அன்று கொடுத்த 150 ரூபாய் கடன் வாங்கியது என்பதை இரண்டு நாள் கழித்து அறிந்தேன்.

அன்றிரவே காகிதமும் பென்சிலும் எடுத்து உட்கார்ந்தேன். காலையில் செய்ய வேண்டிய கணக்கு அது.

சாயக்குண்டின் குறுக்களவு 0.68 அங்குலம், அதாவது சுமார் 17 மில்லிமீட்டர். எடை ஏறத்தாழ 3 கிராம். பாதுகாப்பின் பொருட்டு, வினாடிக்கு 300 அடி, சுமார் 91 மீட்டர், என்ற வேகத்தைத் தாண்டக்கூடாது என்பது இவ்விளையாட்டில் பரவலாக உள்ள விதி. மைதானங்களில் குரோனோகிராஃப் என்னும் வேகமானியால் சோதித்து, ஒவ்வொரு துப்பாக்கியையும் அந்த எல்லைக்குள் திருகி வைக்கிறார்கள். ஆகவே குழல் எவ்வளவு நீளமானாலும் குண்டு புறப்படும் வேகம் ஒன்றே. புறப்பட்ட கணத்தில் காற்றின் தடை, குண்டின் எடையைப்போல் சுமார் 18 மடங்கு என்று என் கணக்கில் வந்தது. பிறகு அது எவ்வளவு தூரம் போகும் என்பதைத் தீர்மானிப்பது காற்றுதான். ஒரே வேகத்தில், ஒரே சாய்வில் கிளம்பும் குண்டுக்கு, தன்னை அனுப்பிய குழலின் விலை தெரியாது.

நியாயமாக ஒன்று சொல்ல வேண்டும். தூரத்தைக் கூட்டும் உபாயமே இல்லை என்பதில்லை. டிப்மன் கம்பெனியார் 'ஃப்ளாட்லைன்' என்ற பெயரில் சற்றே வளைந்த குழல் ஒன்றைச் செய்தார்கள். குண்டு அதனுள் உருண்டு பின்சுழற்சியோடு வெளிவரும். அந்தச் சுழற்சி அதைச் சிறிது நேரம் தாங்கிப் பிடிக்கும். அது மெய்யான பௌதிகம். எங்கள் கையில் இருந்ததோ நேரான குழல். கறுப்பு வர்ணந்தான் விசேஷம்.

இரண்டு வாரம் கழித்து, ஆய்வுக்கூட நண்பர் ஒருவரோடு அங்கே மறுபடியும் போனேன். கூட்டமில்லாத காலை நேரம். மேலாளர் நல்ல மனிதர். சோதித்துப் பார்க்க அனுமதி கொடுத்தார். 20 மீட்டர் தொலைவில் ஒரு துணியைக் கட்டினோம். இரண்டு துப்பாக்கிகளையும் வேகமானியில் பார்த்தோம். வேகத்தில் சொல்லத்தக்க வேறுபாடு இல்லை. பிறகு எங்களுக்கு அன்று கொடுத்த பழைய இருப்பிலிருந்து குண்டு எடுத்து, ஒவ்வொரு துப்பாக்கியாலும் 20 முறை சுட்டோம். இரண்டிலும் பாதிக்குப் பாதி துணியைத் தவறிப் போயின. புதிதாகப் பிரித்த பையிலிருந்து எடுத்துச் சுட்டபோது, இரண்டிலுமே பெரும்பாலானவை துணியில் விழுந்தன. 20 குண்டை வைத்துக்கொண்டு பெரிய முடிவு எதையும் நாட்ட முடியாது என்பதை அறிவேன். ஆனால் வேறுபாடு எந்தப் பக்கம் இருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரிந்தது.

கையோடு கொண்டுபோயிருந்த வெர்னியரால் குண்டுகளை அளந்தேன். புதியவை உருண்டை. பழையவற்றில் பலவற்றுக்கு ஒரு பக்கத்து அளவுக்கும் மறுபக்கத்து அளவுக்கும் அரை மில்லிமீட்டருக்கு மேலேயே வித்தியாசம். காரணம் எளியது. சாயக்குண்டின் ஓடு ஜெலட்டின். மீன் எண்ணெய் மாத்திரையின் ஓடு எதுவோ அதுவேதான். மருந்துக்கு மென்மாத்திரை செய்துவந்த ஆர். பி. ஷெரர் கம்பெனியே தொடக்க காலத்தில் இந்தக் குண்டுகளையும் செய்து கொடுத்தது. ஜெலட்டின் ஈரத்தை உறிஞ்சி ஊதும். மழைக்காலம் முழுவதும் தகரக் கொட்டகையில் கிடந்த குண்டு கோணாமல் என்ன செய்யும்? ஊதிய குண்டு குழலில் இறுகி உடைகிறது. சிறுத்தது தளர்ந்து வாயுவைக் கசியவிடுகிறது. உண்மையான தரம் அந்த அற்பக் குண்டின் உருட்சியிலும், அது குழலுக்குப் பொருந்துவதிலும், வாயுவைச் சுடுக்குச் சுடு ஒரே அளவாக விடும் உள்ளுறுப்பிலும் இருக்கிறது. இந்த மூன்றில் ஒன்றுகூடப் பலகையில் இல்லை.

மேலாளரிடம் கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே இந்தியில் சொன்னதன் சாரம் இது: "குண்டு எப்போது வந்தது என்று இதுவரை ஒருவரும் கேட்டதில்லை. துப்பாக்கியைத்தான் கேட்கிறார்கள். அதைப் பிடித்துக்கொண்டு படம் எடுக்கிறார்கள். படத்தில் குண்டு தெரியுமா?"

அவர்மேல் கோபம் வரவில்லை. விற்பவர் வாங்குபவருடைய கண் போகும் இடத்தில் வர்ணம் பூசுகிறார். 1981ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள், அமெரிக்காவில் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்து ஹென்னிக்கர் ஊர்க் காட்டில், 12 பேர் இவ்விளையாட்டை முதன்முதலாக ஆடினார்கள். கையில் இருந்தவை மரத்துக்கும் மாட்டுக்கும் அடையாளமிடச் செய்த நெல்ஸ்பாட் துப்பாக்கிகள். ஒவ்வொரு சுடுக்கும் கையால் இழுத்துச் சுட வேண்டியவை. அன்று கொடிகளைச் சேர்த்து வென்றவர் ரிச்சி ஒயிட் என்னும் காட்டு வேலைக்காரர். அவர் ஒரு குண்டுகூடச் சுடவில்லை!

ஆனால் என்மேல் வந்த கோபம் தணியவில்லை. பலகை சொன்னதை அவர்கள் நம்பவில்லை. நான் சொன்னதை நம்பினார்கள். சம்பளம் வாங்காமல் அந்தக் கடைக்குச் செட்டியாராக நின்றவன் நானே. நீளமான குழலில் வாயு அதிக நேரம் தள்ளும் என்று நான் சொன்னது பொய்யில்லை. வேகத்துக்கு எல்லை உண்டா என்று கேட்காமல் சொன்னதுதான் குற்றம். அரைகுறை உண்மைக்கு விஞ்ஞானத்தின் சட்டையை மாட்டிவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமைச் சங்கக் கூட்டத்தில் இதையெல்லாம் எழுந்து சொன்னேன். 2,100 ரூபாயையும் டியூஷன் சம்பளத்திலிருந்து இரண்டு மாதத்தில் திருப்பித் தருவதாகவும் சொன்னேன். சிலர் வேண்டாமென்று மறுத்தார்கள். முதல் 150 ரூபாயை அந்தத் தம்பியின் கையில் வைத்தேன். வாங்கிக்கொண்டு, "அப்ப என் குறி சரிதானா, அண்ணா?" என்று கேட்டான். "தெரியாது. நல்ல குண்டு வாங்கி, சுட்டுப் பார்த்துச் சொல்லலாம்" என்றேன்.